ஹார்ட் டிஸ்க் இல்லாத லெப்டொப்: பென்ட்ரைவில் எம்எக்ஸ் லினக்ஸ்

என் பழைய லெப்டொப்பில் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் சாட்டா இணைப்பு எரிந்துபோனது. புது டிஸ்க் வாங்கிப் போட்டும் பிரயோசனமில்லை. அதனால் 64 ஜிபி பென்ட்ரைவில் எம்எக்ஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன். ரேம் 4 ஜிபி. டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடத்தாள் அடிக்கவும் பிரவுசருக்கும் இது தாராளம்.

எல்லாரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். யூஎஸ்பி 3.0 துளையில் குறையில்லை, 2.0 என்றால் பிரவுசர் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். ஆனால் எங்கள் ஊர் மஸ்கெலியாவில் நினைத்தால் கரண்ட் போகும், என் பற்றரியும் செத்தது. எனக்கு முக்கியம், செய்த வேலை எப்போது பென்ட்ரைவில் ஏறுகிறது என்பதுதான்.

மூல சிஸ்டம் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பில் இருக்கிறது, அதில் எதையும் எழுத முடியாது. மாற்றங்கள் அதன்மேல் தனி அடுக்காகச் சேரும். மெஷின் தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் ‘பெர்சிஸ்ட் ஆல்’ எடுத்தால் சிஸ்டம் மாற்றங்கள் ரேமில் இருந்து, ஷட்டவுன் செய்யும்போதுதான் சேமிக்கப்படும். நம் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் மட்டும் உடனுக்குடன் எழுதப்படும். திடீரென்று கரண்ட் போனால் அன்று நிறுவிய மென்பொருள் போய்விடும், சேமித்த பாடத்தாள் மிஞ்சும். ‘பெர்சிஸ்ட் ஸ்டாட்டிக்’ எல்லாவற்றையும் நேரே எழுதும். ஆனால் வேகம் குறையும், பென்ட்ரைவும் சீக்கிரம் தேயும். நான் முதலாவதிலேயே இருக்கிறேன். பாடத்தாள் அடிக்கும் லிப்ரே ஆபிஸ் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சேமிக்கும். அதை 2 ஆகக் குறைத்துவிட்டேன்.

அப்டேட்தான் தலைவலி. புதியது மேலடுக்கில் ஏறும், பழையது கீழே அப்படியே கிடக்கும், இடம் கரையும். அதற்கு ரீமாஸ்டர் கருவி இருக்கிறது: இரண்டையும் சேர்த்துப் புதிய ஸ்குவாஷ் கோப்பாகக் கட்டித் தரும். பழைய கோப்பும் பக்கத்திலேயே இருக்கும், புதியது சரிவராவிட்டால் திரும்பிவிடலாம். நேரம் எடுக்கும் வேலை. மழையும் காற்றுமான நாளில் தொடவேண்டாம்.

ரேம் நிரம்பினால் மெஷின் உறைந்துவிடும், பிரவுசரில் டேப்களைக் குவிக்காதீர்கள். சின்ன உலோகப் பென்ட்ரைவ்கள் நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் உறையுள்ள நீளமானது மேல். ஓடிக்கொண்டிருக்கும்போது கைபட்டுக் கழன்றால் எல்லாம் நின்றுவிடும். ஆள் நடமாடாத பக்கத்துத் துளையில் செருகுங்கள்.

பென்ட்ரைவ் தொலைந்தால் கொம்பியூட்டரே தொலைந்த மாதிரி. இப்படிப் பென்ட்ரைவ் தயாரிக்கும் எம்எக்ஸின் லைவ் யூஎஸ்பி மேக்கரில் குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது), குளோன் (அச்சுப் பிரதி எடுப்பது) இரண்டும் உண்டு. குறியாக்கத்தை முதலில் தயாரிக்கும்போதே தேர்ந்துவிடுங்கள். குளோன் எடுத்த இன்னொரு பென்ட்ரைவ் என் அலுமாரியில் இருக்கிறது, ரீமாஸ்டர் செய்யும்போதெல்லாம் அதையும் புதுப்பிப்பேன்.