மெஷினில் பின்னக் கற்ற மூன்று வாரம்: ஒரு பின்னலாடை வடிவமைப்புப் பயிற்சி பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயிற்சி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது ஒன்று, அவர்கள் விளம்பரத்தில் முன்னால் வைத்தது வேறொன்று. மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், தினம் ஆறு மணி நேரம். முடிக்கும்போது உங்கள் சொந்த வடிவமைப்பில் ஓர் ஆடை கையில் இருக்கும் என்றார்கள். ஆடை வந்தது, கடைசி இரண்டு நாள் அவசரத்தோடு. எனக்கு உண்மையில் கிடைத்தது முதல் வாரம் முழுக்கப் பின்னித் தள்ளிய சின்னச் சின்னத் துண்டுகளும், அதைப் பின்னும்போது கையிலும் காதிலும் ஏறிய பழக்கமும்தான். சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மெஷின் பின்னல் என்றதும் பட்டனைத் தட்டினால் ஸ்வெட்டர் வந்து விழும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இது அப்படி இல்லை. நாங்கள் பழகியது மேசையில் கவ்விப் பொருத்துகிற வீட்டு மெஷின்; 4.5 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 200 ஊசிகள் வரிசையாக நிற்கும், அவற்றின் மேல் கேரேஜ் என்கிற பாகத்தைக் கையால் இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும், ஒரு தள்ளுக்கு ஒரு வரிசை. மோட்டார் கிடையாது. மெல்லிய நூலுக்கு 3.6 மி.மீ. இடைவெளியில் 250 ஊசி உள்ள மெஷினும், தடித்த நூலுக்கு 9 மி.மீ. இடைவெளி மெஷினும் வகுப்பில் ஒவ்வொன்று இருந்தன, அவற்றை முறை வைத்துத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

முதல் நாள் காலை ஆசிரியர் எங்களை மெஷின் பக்கமே விடவில்லை. ஊசியைக் கழற்றி ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். நுனியில் கொக்கி, அதற்குக் கீழே ஆடுகிற குட்டி நாக்கு, அதுதான் லாட்ச். ஒரு நூல் வளையத்தை மாட்டி மெதுவாக நகர்த்திப் பார்க்கச் சொன்னார். ஊசி முன்னால் போகும்போது பழைய கண்ணி, அதாவது அந்த வளையம், நாக்கைத் திறந்துகொண்டு அதன் பின்னால் போய் உட்காருகிறது, கொக்கியில் புது நூல் விழுகிறது, ஊசி பின்வாங்கும்போது அதே பழைய கண்ணி நாக்கைத் தள்ளி மூடிவிட்டு அதன் மேல் ஏறிக் கழன்று விழுகிறது. புது நூல் உள்ளே இழுபட்டு அடுத்த கண்ணி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான், மொத்த மெஷினும் இதை 200 முறை அடுத்தடுத்துச் செய்கிறது. வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தபோது இந்த நாக்கு கிடையாது, கொக்கியை அழுத்தி மூடத் தனியாக ஒரு பாகம் வேண்டியிருந்தது. மேத்யூ டவுன்சென்ட் லாட்ச் ஊசிக்குக் காப்புரிமை வாங்கியது 1849இல். அதற்குப் பிறகுதான் கண்ணியே கொக்கியைத் திறந்து மூடும் வேலையைப் பார்த்துக்கொண்டது. ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டதால் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்புறம் எங்கே கண்ணி நழுவினாலும் ஏன் நழுவியது என்று நானே பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது.

முதல் வாரம் முழுக்கத் துண்டுகள். கண்ணி ஏற்று, ஐம்பது அறுபது வரிசை தள்ளு, மூடு, எடு, சீட்டு எழுதிக் கட்டு. சீட்டில் நூலின் பெயர், எத்தனை இழை, டென்ஷன் டயல் (கண்ணி எவ்வளவு பெரிதாக விழ வேண்டும் என்று வைக்கிற டயல்) எத்தனையில் வைத்தோம், எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, எல்லாம் இருக்க வேண்டும். சீட்டில்லாத துண்டை ஆசிரியர் கையில் வாங்கவே மாட்டார். மூன்றாம் நாள் எங்களில் இரண்டு பேர் சலித்துப்போய், எப்போது டிசைன் ஆரம்பிக்கும் என்று கேட்டார்கள். இதுதான் டிசைன் என்றார் அவர். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை, அடுத்த நாள் டக் பின்னியபோது புரிந்தது. டக் என்றால் சில ஊசிகள் மட்டும் பின்னாமல் இரண்டு மூன்று வரிசை நூலைக் கொக்கியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாகப் பின்னுவது. அதே நூல், அதே டயல், அதே கண்ணி எண்ணிக்கை, ஆனால் துணி அகலமாகி உயரம் குறைந்து தேன்கூடு மாதிரிப் புடைத்துக்கொண்டு வந்தது. ஸ்லிப், அதாவது சில ஊசிகளைப் பின்னாமல் விட்டு நூலை அவற்றைத் தாண்டிக் கொண்டுபோவது, இதற்கு நேர்மாறு, துணி உள்ளே இழுத்துக்கொண்டு குறுகுகிறது. படம் வரைந்து வைத்துக்கொண்டு துணியைத் தேடினால் கிடைக்காது, துணி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆடையை யோசிக்க முடியும்.

இன்னொரு விஷயம், மெஷினில் நம்மைப் பார்த்து இருப்பது துணியின் பின்பக்கம். நமக்கு இடப்பக்கம் தெரிவது ஆடையின் முன்பக்கத்தில் வலப்பக்கம் போய்விடும். துளையட்டையில், அதாவது எந்த ஊசிக்கு எந்த நிறம் என்று துளைகளால் மெஷினுக்குச் சொல்லும் அட்டையில், இரண்டு நிறக் கோலம் பின்னும்போது இது பெரிதாக உறைத்தது. அந்த அட்டைக்கு அகலம் 24 கண்ணி, அதற்குள் ஒரு கோலத்தை அடக்கி, திரும்பத் திரும்ப வரும்போது ஓரம் ஓரத்தோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிறத்துக்குத் தொடர்ந்து ஏழெட்டுக் கண்ணி இடைவெளி விட்டுவிட்டால் பின்பக்கம் நூல் நீளமாகத் தொங்கும், கை நுழைக்கும்போது விரல் மாட்டும். இந்த 24 கண்ணி எல்லை எனக்கு ரொம்ப நல்ல வாத்தியாராக இருந்தது.

கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கோனில் (கூம்பு வடிவச் சுருளில்) வரும் கம்பளி நூலில் நூற்பாலை எண்ணெய் இருக்கும்; தொட்டால் மெலிசாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். துண்டைத் துவைத்ததும் எண்ணெய் போய் நூல் மலர்ந்து கண்ணிகளின் இடைவெளியை நிரப்பிவிடும், கூடவே சுருங்கவும் செய்யும். என் துண்டு மெஷினை விட்டு இறங்கியபோது 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி. துவைத்துக் காயவைத்த பிறகு 30. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 52 செ.மீ. அகல முன்பக்கத்துக்கு முதல் கணக்கில் 146 கண்ணி, இரண்டாவது கணக்கில் 156. முதல் கணக்கை நம்பிப் பின்னியிருந்தால் முன்னும் பின்னும் சேர்த்துச் சுற்றளவில் ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் போயிருக்கும், அந்த ஆடையை நான் போட்டிருக்கவே முடியாது. கைக்கான கணக்கும் இதே துண்டிலிருந்துதான் வந்தது: மணிக்கட்டில் 66 கண்ணி, மேலே 108, வித்தியாசம் 42, பக்கத்துக்கு 21. நீளம் 168 வரிசை. அப்படியென்றால் எட்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். தாளில் இது மீதியில்லாமல் வந்து நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நூலைப் பற்றியும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 2/30 என்று கோனில் எழுதியிருந்தால், மெட்ரிக் கணக்கில் ஒற்றை இழை ஒரு கிராமுக்கு 30 மீட்டர், இரண்டு இழை சேர்த்து முறுக்கியது என்பதால் நம் கைக்கு வருவது கிராமுக்கு 15 மீட்டர். 4.5 மி.மீ. மெஷினில் அதை இரண்டாகச் சேர்த்து ஓட்டினால் துணி சரியாக நிற்கிறது. கடையில் நூல் எடுக்கும்போது இந்த ஓர் எண் போதும், ஏமாற மாட்டீர்கள்.

இனி குறைகள். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு மெஷின் என்று சொல்லியிருந்தார்கள், இருந்தது. எல்லாம் ஓடியதா என்றால் இல்லை. ஊசிகளைக் கீழே அழுத்திப் பிடிக்க ஸ்பாஞ்ச் பார் என்று ஒரு பட்டை உண்டு, உள்ளே நுரைத்துண்டு இருக்கும். வருடங்கள் போகப்போக அது தட்டையாகிப் பசை மாதிரி ஆகிவிடும், பிறகு ஊசிகள் மேலே எழும்பிக் கண்ணிகளை நழுவவிடும். எனக்குக் கொடுத்த மெஷினில் இரண்டாவது வாரம் ஒரு நாள் முழுக்கக் கண்ணி நழுவிக்கொண்டே இருந்தது. டயலை மாற்றினேன், எடை கூட்டித் தொங்கவிட்டேன், நூலுக்கு மெழுகு தேய்த்தேன். கடைசியில் கேரேஜ் நடுவழியில் இறுகி நின்றுவிட்டது. ஓடிவந்த உதவியாளர் என் கையை எடுக்கச் சொல்லி, கேரேஜை விடுவித்துத் தூக்கி, ஊசிகளை ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவந்து அந்த வரிசையைப் பிரித்தார். நான் பலமாகத் தள்ளியிருந்தால் ஊசிகள் வளைந்திருக்கும். பட்டையை உருவிப் பார்த்தபோது உள்ளே நுரை கரைந்து கறுத்துப்போயிருந்தது. புதுப் பட்டை போட்டதும் முதல் தள்ளிலேயே சத்தம் மாறியது, சரசரவென்று ஒரே சீராக. பயிற்சி தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய வேலை இது. எனக்கு ஒரு நாள் போனது, மூன்று வாரப் பயிற்சியில் ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

அதைவிடப் பெரிய குறை, பாகங்களை ஒன்று சேர்க்கும் வேலைக்கு அரை நாள்தான் ஒதுக்கினார்கள். பின்னலாடையில் இது பாதி வேலை. தோளுக்கும் கழுத்துக்கும் ஓரத்தை வெட்டித் தைக்காமல், ஒவ்வொரு கண்ணியாகக் குறைத்து வடிவம் கொடுக்கிறோம். மூன்று முனைக் கருவியால் ஓரத்துக் கண்ணிகளைத் தூக்கி உள்ளே நகர்த்தும்போது ஓரத்தை ஒட்டி அழகான சாய்கோடு ஒன்று விழும். அவ்வளவு பொறுமையாகச் செய்த பாகங்களை இணைக்கும்போது லிங்கிங் மெஷினின் முட்களில் கண்ணி தவறாமல் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். ஒன்று விட்டால் அங்கிருந்து கீழே ஓடும். அந்த மெஷின் ஒன்றுதான், நாங்கள் எட்டுப் பேர். என் கழுத்துப் பட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது, பிரித்துத் திருத்த நேரமில்லை. மூன்றாவது வாரத்தில் ஒன்றரை நாள் மூட் போர்டு (வடிவமைப்புக்கு யோசனை தரும் படங்களும் துணுக்குகளும் ஒட்டிய பலகை) ஒட்டுவதற்குச் செலவழித்தோம். அதில் ஒரு நாளை எடுத்து இதற்குக் கொடுத்திருந்தால் எட்டுப் பேரும் திருத்தமான கழுத்தோடு வீட்டுக்குப் போயிருப்போம். அவர்கள் கேட்ட கருத்துப் படிவத்திலும் இதையே எழுதிக் கொடுத்தேன்.

யாருக்கு இது சரிவரும்? கையால் பின்னத் தெரிந்தவர்களுக்குக் கண்ணியைப் படிக்கத் தெரியும் என்பதால் கொஞ்சம் சுலபம், தெரியாதவர்களும் பின்தங்கவில்லை. துணி வடிவமைப்பு படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பின்னல் மெஷினுக்குப் போகப்போகிறவர்கள் கட்டாயம் சேரலாம். தையலே இல்லாமல் முழு ஆடையையும் பின்னித் தரும் மெஷினை ஷிமா செய்க்கி என்கிற ஜப்பானிய நிறுவனம் 1995இலேயே கொண்டுவந்துவிட்டது, ஆனால் அதன் உள்ளே நடப்பதும் பின்னு, டக், ஸ்லிப், கண்ணியைப் பக்கத்து ஊசிக்கு மாற்று என்ற அதே வேலைகள்தான். கையால் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் திரையில் தெரியும் குறிகள் துணியாகவே தெரியும். மூன்று வாரத்தில் ஒரு தொழில் கையில் வந்துவிடும் என்று நம்பிச் சேருகிறவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்பேன்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆளுக்கொரு மெஷின் உண்டா, ஸ்பாஞ்ச் பாரைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், பாகங்களை இணைக்க எத்தனை மணி நேரம் தருகிறார்கள். மாலையில் வகுப்பு முடிந்தபின் மெஷினில் உட்கார விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு விட்டார்கள், எனக்கு நிறையத் தெளிந்தது அந்த நேரத்தில்தான். சொந்தமாக மெஷின் வாங்க வேண்டுமே என்று முதலிலேயே பயப்பட வேண்டாம். பிரதர் நிறுவனம் 1990களின் இறுதியில் பின்னல் மெஷின் செய்வதை நிறுத்திவிட்டாலும் பழையவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்கும்போது அந்தப் பட்டையை உருவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நானும் அப்படி ஒன்று வாங்கிவிட்டேன். போன வாரம் அந்தக் கழுத்துப் பட்டையைப் பிரித்து, திறந்த கண்ணிகளை வேஸ்ட் நூலில் (பிறகு உருவி எறிகிற நூலில்) ஏற்றி வைத்துக்கொண்டு, புதிதாக ரிப் (இழுபட்டு மீளும் வரிப்பின்னல்) பின்னி, கண்ணிக்குக் கண்ணி கையாலேயே கோத்தேன். இரண்டு மாலை ஆனது. இப்போது கழுத்து நேராக உட்காருகிறது.