புதுச்சேரியில் நாய்களுக்கு ‘அழுத்த ஆக்சிஜன்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நாய், பூனைகளின் ஆறாத புண்ணுக்கும் முடக்குவாதத்துக்கும் ‘ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன்’ சிகிச்சை (அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்கவைப்பது) தருவதாகப் புதுச்சேரியில் ஓர் இடம் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. நாங்கள் கடலூரிலிருந்து எங்கள் நாயை அங்கே கொண்டுபோய், பணத்தையும் அதன் கால்விரல்களையும் இழந்தோம். புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. ஆனால் அங்கே நடப்பது என்ன என்பதை முழுவதுமாக எழுதுகிறேன். இன்றைக்கும் அங்கே யாரோ ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் செவலை நாட்டு நாய். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவிலேயே பிறந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் மோதி, பின்னங்கால் ஒன்றில் முட்டிக்குக் கீழே தோல் உறை கழன்றதுபோல் உரிந்துவிட்டது. பக்கத்துக் கால்நடை மருத்துவர் வலிக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, “மயக்கம் கொடுத்துப் புண்ணைத் திறந்து, செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். தள்ளிப் போடாமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்” என்றார். அன்று மாலையே சித்தி மகன் ஒரு காணொளியை அனுப்பினான். மயக்க ஊசி இல்லை, கத்தி இல்லை, பத்து அமர்வில் புதுத் தோல் என்றது விளம்பரம். வலியில் முனகும் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பது அதை எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பத்து அமர்வுக்கு 18,000 ரூபாய், முழுத் தொகையும் முன்பணம். வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரசீது எழுதினார். என் அம்மாவுக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. “புண்ணைக் கழுவ மாட்டீர்களா தம்பி?” என்று கேட்டார். “ஆக்சிஜனே கிருமியைக் கொன்றுவிடும் அம்மா. கட்டைப் பிரித்தால்தான் ஆபத்து” என்று பதில் வந்தது. செவலையின் காலைக் கெடுத்தது அந்தப் பதில்தான்.

இந்தச் சிகிச்சை பொய் அல்ல. ஆழ்கடலில் மூழ்கி எழுவோருக்கு வரும் அழுத்த நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, சதை அழுகும் வாயுப் புண், சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண் என்று மனிதர்களுக்குப் பல நிலைகளில் பயன்படுகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழு அளவு ஆக்சிஜனைச் சுமந்துகொள்கின்றன. அதற்கு மேல் அவற்றில் ஏற்ற இடமில்லை. இரத்தத்தின் நீர்ப் பகுதியில்தான் கூடுதலாகக் கரைக்க முடியும். கோலி சோடாவில் வாயுவை அழுத்திக் கரைப்பது போன்ற வேலைதான் இது. சாதாரணக் காற்றில் 100 மில்லி இரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மில்லி மட்டுமே. வளிமண்டலத்தைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லி ஆகிறது. மனிதர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் தருகிறார்கள். அதைத் தாங்க உலோகத்தாலோ தடித்த அக்ரிலிக்காலோ ஆன கெட்டியான அறை வேண்டும்.

செவலையைப் படுக்கவைத்தது ஒரு ஜிப் வைத்த துணிப் பையில். கூடாரம் மாதிரி இருக்கும், காற்றடித்தால் உப்பும். அதன் ஓரத்தில் தைத்திருந்த சீட்டில் 1.3 என்று அழுத்த அளவு இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதனுடன் இணைந்திருந்தது வெறும் காற்றழுத்தி. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துச் செறிவூட்டும் கருவியும் இல்லை. கணக்கு எளிது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதை 1.3 மடங்கு அழுத்தினால், சாதாரண அழுத்தத்தில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். வார்டில் ஒரு நோயாளிக்கு மூக்கில் சின்னக் குழாய் மாட்டி நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன் விட்டாலே ஏறத்தாழ 28 சதவீதம் கிடைத்துவிடும். அமர்வுக்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

அந்தப் பையில் தூய ஆக்சிஜனே நிறைந்திருந்தாலும் செவலைக்கு முதல் தேவை அதுவல்ல. ஆக்சிஜனைப் புண்ணுக்குக் கொண்டுபோவது இரத்தம். செத்த சதையில் இரத்த ஓட்டம் கிடையாது. ஆகவேதான் மனிதர்களுக்கும் முதலில் வெட்டிச் சுத்தம் செய்து, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, அவற்றுக்குத் துணையாகத்தான் இந்தச் சிகிச்சையைச் சேர்க்கிறார்கள். இங்கே துணையைக் காட்டி முதல் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று, நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் பதறுகிறது. வண்டி மோதிய நாய்க்கு நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றுக் கசிந்திருக்கலாம். அப்படி இருக்கும்போது அழுத்த அறையில் வைத்தால், அழுத்தம் இறங்கும் நேரத்தில் அந்தக் காற்று விரிந்து உயிரைப் பறித்துவிடும். அதனால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தாகவேண்டும். அங்கே அதைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. செவலைக்கு அப்படி எதுவும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அது தலையை உதறி உதறிக் காதைப் பிறாண்டியது; செவிப்பறையில் அழுத்தம் ஏறினால் வலிக்கும். “பழகிவிடும்” என்று சொல்லிவிட்டு, நாய் அமைதியாக இருப்பதற்காம், பையின் உள்ளே கைப்பேசியில் பாட்டுப் போட்டு வைத்தார்கள். கழுத்தில் சங்கிலி அப்படியே இருந்தது. விரித்திருந்தது பாலியஸ்டர் போர்வை.

காற்று மட்டும் இருந்ததால் எதுவும் நடக்கவில்லை. நாளை அதே பையில் ஆக்சிஜனை ஏற்றினால் என்ன ஆகும்? 2012-ல் அமெரிக்காவில் புளோரிடாவின் ஒக்காலா நகரில் இத்தகைய அறைக்குள் இருந்த குதிரை உதைத்ததில் பொறி பறந்து அறை வெடித்தது. குதிரையும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். 2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் டிராய் நகரில் அறைக்குள் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் துணியும் உரோமமும் நொடியில் பற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட அறைக்குள் மின்கருவியையும் செயற்கை இழைத் துணியையும் அனுமதிக்கவே கூடாது.

சில அமர்வுகள் முடிந்தபோது கட்டிலிருந்து நாற்றம் வந்தது. “கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி” என்றார்கள். அம்மா யாரிடமும் கேட்காமல் வீட்டில் கட்டைப் பிரித்தார். உள்ளே சீழும் புழுவும். உடனே வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் கிருமி எலும்பு வரை போயிருந்தது தெரிந்தது. மயக்கம் கொடுத்து அழுகியதை எல்லாம் எடுத்தார்கள். நடுவிரல்கள் இரண்டும் போயின. நாய் உடல் எடையைத் தாங்குவது முக்கியமாக அந்த இரண்டு விரல்களில்தான். பிறகு தினமும் உப்புநீரில் கழுவிக் கட்டு மாற்றி, சீழைச் சோதித்து அதற்கேற்ற மாத்திரை கொடுத்து, புண்ணை நக்காமல் கழுத்துக் கூம்பு மாட்டி, மெல்ல மெல்லத் தோல் மூடியது. எந்தப் பெரிய இயந்திரமும் தேவைப்படவில்லை. செவலை இன்று நொண்டி நடக்கிறது.

மீதி அமர்வுகளின் பணத்தைக் கேட்டபோது, கட்டிய தொகை திரும்பத் தரப்படாது என்று ரசீதின் கீழே அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். அதே ரசீதில் சிகிச்சை செய்த மருத்துவரின் பதிவு எண் இல்லை. செல்லப்பிராணி பராமரிப்பு என்று குளிப்பாட்டுவதோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு அணிந்தவர் கால்நடை மருத்துவரே அல்ல என்பது பிறகு தெரிந்தது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை.

உங்களில் யாராவது இதை யோசித்துக்கொண்டிருந்தால், அறை எத்தனை மடங்கு அழுத்தம் தரும், உள்ளே போவது தூய ஆக்சிஜனா, மூடும் முன் நாயைப் பரிசோதித்த மருத்துவர் யார் என்று கேளுங்கள். புண்ணைத் திறந்து பார்க்காமல் பணம் வாங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள், கடை புதுச்சேரியில் இருக்கிறது, நாம் கடலூர்க்காரர்கள் என்று விட்டுவிடவேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது, விளம்பரக் காணொளி, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், புண்ணின் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். அடுத்த மருத்துவரிடம் நாயின் நிலையைப் பற்றித் தேதியிட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் புகாருக்கு வலுச் சேர்த்தது அந்த ஒரு தாள்தான்.