ஒயில் பிரஷர்: சீல்களை மாற்றுவதா, பம்பை மாற்றுவதா?

ஃபோர்ட் 6.0 பவர் ஸ்ட்ரோக் டீசல் இஞ்சினில், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை இயக்குவது உயர் அழுத்த ஒயில்தான். ஸ்டார்ட் ஆக ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ ஒயில் அழுத்தம் வேண்டும். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் லொறி, கொழும்பு வெயிலில் நெரிசலில் ஓடி, நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் இஞ்சின் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் உயர் அழுத்த ஒயில் பம்பைச் சந்தேகிக்காதீர்கள். சூட்டில் ஒயில் தண்ணியாகி, தேய்ந்த ஓ-ரிங் (ரப்பர் வளைய சீல்) வழியாகக் கசியும். குளிரில் கெட்டியான ஒயில் அந்தக் கசிவை மறைத்துவிடும்.

2004 பிற்பகுதிக்குப் பிந்திய இஞ்சினில் இந்த ஓ-ரிங்குகள் இருப்பது இரண்டு ஸ்டாண்ட்பைப்பிலும் (ஒயிலை மேலே கொண்டுபோகும் குழாய்) இரண்டு டம்மி பிளக்கிலும் (ஒயில் வழியை அடைக்கும் மூடி). நான்கையும் மேம்படுத்திய வகைக்கு ஒன்றாக மாற்றுங்கள். வால்வு கவரைக் கழற்றினால் கை எட்டும். செலவும் குறைவு.

பம்ப் பக்கம் வேறு கதை. டர்போ, இன்டேக் மெனிபோல்ட் எல்லாம் இறங்க வேண்டும். ஆனால் 2005–2007 இஞ்சினில் பம்பின் எஸ்டிசி இணைப்பு (ஒயில் வெளியேறும் இடத்தில் சொருகிப் பூட்டும் இணைப்பு) திடீரென உடையும். அதற்குப் போல்ட் போட்டு இறுக்கும் ஒற்றைத் துண்டு மாற்று இருக்கிறது. பம்ப் நல்லதென்றால் அந்த இணைப்பை மட்டும் மாற்றினாலே போதும்.

எதுவென்று தீர்மானிக்க, ஐசிபி சென்சர் (ஒயில் அழுத்தத்தை அளக்கும் சென்சர்) துளையில் 100 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, ஒயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஐபிஆர் வால்வுக்கு மின்சாரம் கொடுத்து மூடுங்கள். மூடாவிட்டால் காற்று அதன் வழியே போய் ஏமாற்றும். சீறல் வால்வு கவருக்குள் கேட்டால் சீல், பின்பக்கம் கேட்டால் பம்ப் இணைப்பு. கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் பாகம் தேடப் போகுமுன் இதைச் செய்யுங்கள்.