மாமன் கடையா, மருமகன் கடையா?

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பீட்சா சாப்பிட ஊஸ்டர் தெருவுக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். இத்தாலியின் மயோரியிலிருந்து வந்த ஃபிராங்க் பெப்பே 1925-இல் அங்கே கடை வைத்தார். அவரிடம் தொழில் பழகிய சகோதரி மகன் சால்வத்தோரே கொன்சிலியோ, 1938-இல் அதே தெருவில் சாலிஸ் கடையைத் தொடங்கினார். அன்று முதல் மாமன் பக்கமா, மருமகன் பக்கமா என்ற வழக்குக்குத் தீர்ப்பே வரவில்லை.

இரண்டிலும் நிலக்கரி அடுப்புதான். வட்டம் கோணிய, ஓரம் கருகிய பீட்சா தட்டில் விரித்த காகிதத்தின் மேல் வரும். அந்தக் கருக்கலைத் தீய்ந்துவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ருசி அதில்தான் இருக்கிறது.

பெப்பேயில் கேட்க வேண்டியது வெள்ளைச் சிப்பி பீட்சா. தக்காளியும் கிடையாது, உருகி இழுபடும் மொட்சரெல்லா பாலாடைக்கட்டியும் கிடையாது. மட்டிச் சிப்பி, பூண்டு, ஒரேகானோ என்ற மணத்தழை, ஆலிவ் எண்ணெய், துருவிய வேறொரு பாலாடைக்கட்டி, அவ்வளவுதான். சிப்பியின் உப்புச் சாறு மாவில் இறங்கிவிடுவதால் வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. சிப்பி சாப்பிடாதவர்களுக்கு இந்தக் கடையின் பாதிப் பெருமை வீண்.

அவர்கள் சாலிஸுக்கே போகலாம். அங்கே தக்காளி பீட்சாவுக்குத்தான் என் ஓட்டு. ஓரம் இன்னும் மெல்லியது, மொறுமொறுப்பும் ஒரு பங்கு அதிகம். தக்காளிச் சாற்றின் புளிப்பும் இனிப்பும் நாக்கில் தனியாக நிற்கும். இந்த ஊரில் வெறும் பீட்சா என்று கேட்டால் மொட்சரெல்லா இல்லாமல்தான் வரும். வேண்டுமென்றால் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாமலிருப்பதே நல்லது என்பேன்.

குடும்பக் கடை என்ற பெருமையில் மாமன் பக்கம் கை ஓங்கியிருக்கிறது. பெப்பேயின் பேரப்பிள்ளைகள் தொழிலை விடவில்லை, ஆனால் 2006 முதல் வெளியூர்க் கிளைகளும் முளைத்துவிட்டன. சாலிஸை 2017-இல் கொன்சிலியோ குடும்பம் விற்றுவிட்டது. பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தாலும் அடுப்பும் பழைய கட்டடமும் அப்படியே இருக்கின்றன. கைமாறியதற்காக அந்தத் தக்காளி பீட்சாவைத் துறக்க எனக்கு மனம் வராது.

இந்த மாமன் மருமகன் வழக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டேட் தெருவில் 1934-இலிருந்து மாடர்ன் இருக்கிறது. அங்கே நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் அடுப்பு. இறைச்சி வகைகளையும் காய்களையும் அள்ளிப் போட்ட 'இத்தாலியன் பாம்' பீட்சாவுக்குப் பேர்போன கடை. வரிசை அங்கும் உண்டு.