கடோலினியம் துண்டு, 5 கிராம்: வாங்குபவர்கள் முதலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்

வேலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தவியல் பாடத்தில் கியூரி வெப்பநிலை வரும்; அதற்கு மேல் சூடானால் இரும்பு போன்ற பொருள் காந்தத்தில் பலமாக ஒட்டும் தன்மையை இழந்துவிடும். இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ். அதை வகுப்பில் எப்படிக் காட்டுவது? போர்டில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். கடோலினியம் என்ற உலோகத்துக்கு அது ஏறக்குறைய 20 டிகிரிதான். அதற்காகவே ஆன்லைனில் தேடி இந்தத் துண்டை வாங்கினேன்.

சட்டைப் பொத்தான் அகலம், மூன்று பொத்தான்களை அடுக்கிய தடிமன். எண்ணெய் தடவி, காற்றுப் புகாத உறையில் ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள். வந்தது மே மாதம். அறையில் 36 டிகிரி. ஒயிட்போர்டில் ஒட்டும் சின்னக் கறுப்புக் காந்தத்தை வைத்தேன். லேசாக இழுத்தது, தூக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். விற்றவர்களுக்குப் போன் செய்தால், "உடைந்திருந்தால்தான் மாற்றித் தருவோம்" என்கிறார்கள். எந்த வெப்பநிலையில் சோதிக்க வேண்டும் என்று உறையில் ஒரு வரி போட்டிருக்கலாம். இதற்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

அப்புறம் ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்து அதே காந்தத்தைக் காட்டினால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. கையில் தொங்கவிட்டபடியே காத்திருந்தேன். சில நிமிடங்களில், யாரும் தொடாமலே, மேசையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், உள்ள என்ன மாறுச்சு?" சரியான கேள்வி. கடோலினிய அணு ஒவ்வொன்றிலும் 4எஃப் கூட்டில் (எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளில் ஒன்று) ஜோடி சேராத 7 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஏழின் ஸ்பின்னும், அதாவது எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பும், ஒரே பக்கம். ஆனால் அவை அணுவின் உட்புறத்தில் ஒடுங்கிக் கிடப்பவை, பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களை நேரடியாக எட்டுவதில்லை. அப்படியானால் அணுக்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன? நடுவில் தூது போவது, உலோகம் முழுக்க அலைந்து மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்கள். ஓர் அணுவைக் கடக்கும்போது அவற்றின் ஸ்பின் ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வு அடுத்த அணுவுக்கும் போய்ச் சேர்கிறது. 1950களில் ரூடர்மன், கிட்டல், கசுயா, யோசிடா ஆகியோர் விளக்கிய வழி இது. சாட்சியும் உண்டு: அணுவுக்கு 7 போர் மேக்னட்டான் (அணுவின் காந்த வலிமைக்கான அலகு) வர வேண்டிய இடத்தில் உலோகத்தை அளந்தால் சுமார் 7.6 வருகிறது. கூடுதலாக வரும் அந்த 0.6 அலைகிற எலக்ட்ரான்களின் பங்கு.

இரும்பில் கதை வேறு. அங்கே காந்தத்தன்மை தரும் 3டி கூட்டு எலக்ட்ரான்களே அணு விட்டு அணு நகர்கின்றன. அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான் என்று முழு எண்ணாக இல்லாத கணக்கு வருவதும் அதனால்தான். பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னபோதுதான் எனக்கே தெளிவாக விளங்கியது.

36 டிகிரியில் ஸ்பின்கள் மறைந்துபோவதில்லை. வெப்ப ஆட்டம் தூதை மிஞ்சிவிடுகிறது, ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுகின்றன, அவ்வளவுதான். கியூரி வெப்பநிலைக்குச் சற்று மேலே இருப்பதால் பாரா காந்த இழுப்பு (காந்தம் அருகில் இருக்கும்போது மட்டும் வரும் இழுப்பு) இன்னும் பலமாகவே இருக்கும். ஆகவே மிகவும் பலமான நியோடிமியம் காந்தத்தை எடுக்காதீர்கள். வெயில் நேரத்திலும் அது துண்டை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். ஒயிட்போர்டில் ஒட்டுவது போன்ற சின்ன ஃபெரைட் காந்தம் போதும், இடையில் ஓர் அட்டைத் துண்டும் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே நீர் கோர்க்கும். உடனே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். ஈரக்காற்றில் இந்த உலோகம் மங்கிப்போகும். நான் ஒரு நாள் துடைக்க மறந்ததில் ஓரத்தில் சாம்பல் நிறத் திட்டு விழுந்துவிட்டது. ஒட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஐந்துக்கு நான்கு ஸ்டார்.