புது பேட்டரி என்று பழையதைத் தலையில் கட்டுகிறார்கள்: பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனம்

வடசென்னையில் பழைய வண்டிக்கு பேட்டரி மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது.

என்னுடையது 2009 மாடல் பல்சர் 150. அதற்கு 12 வோல்ட், 9 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. பழைய பேட்டரியைக் கொடுத்தால் 1,600 ரூபாய் என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, "வாரண்டி கார்டு இருக்கே சார், அதுவே போதும்" என்று ஒரு கார்டை நீட்டினார். உள்ளே போய் பேட்டரியைக் கையில் எடுத்து வந்தார், மாட்டினார், செல்ஃப் கிர்ரென்று எடுத்தது. சரி என்று கிளம்பிவிட்டேன்.

சில வாரம்தான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். கேட் திறந்ததும் செல்ஃப் அடித்தால் டிக் டிக் சத்தம் மட்டும்தான். பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டினேன்.

கடைக்குப் போனால் அவர் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடின வண்டி சார். ரெகுலேட்டர் போயிருக்கும், அதான் பேட்டரியைச் சாகடிக்குது. மாத்த 1,100 ஆகும்." (ரெகுலேட்டர் என்பது பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பாகம்.) இதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வண்டி பழசு என்பதையே சாக்காக வைத்து, விற்ற பொருளின் குறையை வண்டி மேல் போடுகிறார்கள்.

அங்கே மாற்றாமல் வியாசர்பாடியில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போனேன். தள்ளி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு டெர்மினலில் மீட்டரை வைத்தார். 14.2 வோல்ட். பதினாலு, பதினாலரை வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, ரெகுலேட்டர் மேல் குறையில்லை. அப்புறம் பேட்டரியைக் கழற்றி இரவு முழுக்க சார்ஜில் போட்டார். சார்ஜரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 10.6. நல்ல பேட்டரி 12.6க்குக் குறையாமல் நிற்க வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துப்போயிருக்கிறது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. புது ஸ்டிக்கரின் ஓரத்துக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை. தயாரிப்புக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் பிளேடால் சுரண்டிய தடம். ஈய டெர்மினலில் ஏற்கெனவே பலமுறை நட்டு முடுக்கிய வடு. ஓய்ந்துபோன பேட்டரியில் ஆசிட்டை மாற்றி, சார்ஜ் ஏற்றி, ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஆசிட் ஆவி வெளியேற வேண்டிய டியூபைக்கூட மாட்டவில்லை. பேட்டரிக்குக் கீழே ஃபிரேமில் பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது.

அதனால், சீல் போட்ட பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றும் வகை என்றால், ஊற்றிய பிறகு குறைந்த கரன்ட்டில், 9 ஏஎச்சுக்கு 0.9 ஆம்பியர் அளவில், சில மணி நேரம் முதல் சார்ஜ் போட வேண்டும். ஊற்றிய கையோடு மாட்டித் தந்தால் வாங்காதீர்கள். பில்லிலும் கார்டிலும் சீரியல் எண்ணும் தேதியும் கடை முத்திரையும் இருக்கட்டும். என் கார்டில் மூன்றுமே இல்லை, அதைக் காட்டித்தான் "கம்பெனில போய் கேளுங்க" என்று கைவிரித்தார். பழைய பேட்டரியின் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, அதைக் கழித்த தொகை பில்லில் தெரிய வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், "கொடுங்க, மாத்தித் தரேன்" என்ற பேச்சை நம்பி அந்தப் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சுரண்டிய இடத்தையும் ஸ்டிக்கரையும் முதலில் படம் எடுத்து வையுங்கள்.