கதிரை தெரியாத பேசும் பேனை

மகளுக்கு நாலு வயது, முன்பள்ளிக்குப் போகிறாள். போனை அவள் கையிலிருந்து வாங்குவதற்குத் தினமும் ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருந்ததால், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஒரு கடையில் பேசும் பேனை செட் ஒன்று வாங்கினேன். 11,500 ரூபா. பேனை, எட்டுப் புத்தகம், சுவரில் ஒட்டுகிற எழுத்துப் படம், 60 ஸ்டிக்கர், சார்ஜ் போடுகிற வயர். இந்தியாவிலிருந்து வந்த சாமான். நாலு மாதம் பாவித்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, பேனை என்று பெயரே தவிர இது எழுதாது. என் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மை எங்க ஊத்துறது?" என்று கேட்டா. புத்தகத்தில் உள்ள படத்தில் நுனியை வைத்தால் அது பேசும், அவ்வளவுதான்.

எப்படிப் பேசுகிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. பக்கத்தை உற்றுப் பார்த்தால் படங்களுக்கு மேல் சாம்பல் தூவின மாதிரி மெல்லிய புள்ளிகள் தெரியும். அவை கரி கலந்த கறுப்பு மையில் அச்சடித்த குறியீடுகள். பேனை நுனியில் இருக்கும் குட்டிக் கமரா அகச்சிவப்பு ஒளியை அடித்து அவற்றை வாசிக்கிறது. படத்தின் மற்ற நிறங்கள் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை, அதனால் கமராவுக்குப் படமே தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். குறியீட்டுக்கு ஒரு இலக்கம், இலக்கத்துக்கு ஒரு ஒலிக்கோப்பு, அது பேனையின் மெமரியிலேயே கிடக்கிறது. இன்டர்நெட் தேவையில்லை, கரண்ட் போன நேரத்திலும் ஓடும்.

இது தெரிந்திருந்ததால்தான் ஒருநாள் தப்பினேன். விலங்குகள் பக்கத்தில் யானை மட்டும் திடீரென்று பேச மறுத்துவிட்டது. பேனை பழுது என்று நினைத்துப் பெட்டியில் போடப் போனபோதுதான் கவனித்தேன், மகள் யானைக்குப் பென்சிலால் கறுப்படித்திருக்கிறாள். பென்சில் கரியும் அகச்சிவப்பை உறிஞ்சும், புள்ளிகள் மறைந்துவிடும். அழிறப்பரால் அழித்தேன், யானை திரும்பவும் பிளிறியது. கலர் பென்சிலால் வேறு பக்கங்களில் கிறுக்கியதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புத்தகம் கிழிந்தால் போட்டோக்கொப்பி எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதில் பேசாது. வேறு கொம்பனிப் புத்தகமும் சரிவராது. ஜேர்மனியில் இருக்கும் மச்சாள் தன் பிள்ளைகள் பாவித்து முடித்த ரிப்ரோய் (tiptoi) என்ற பேசும் பேனையைக் கொண்டுவந்து தந்தா, 2010இல் அங்கே வந்து பிரபலமான சாமான். அது அதனுடைய புத்தகங்களோடுதான் பேசும், அதுவும் எங்கள் கையில் இருக்கிறவை ஜேர்மன் மொழியில். அலுமாரியில் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டியது இங்கேதான். வீட்டுச் சாமான்கள் பக்கத்தில் ஒரு கேள்வி விளையாட்டு இருக்கிறது. பேனை "நாற்காலி எங்கே?" என்று கேட்கிறது. பிள்ளை முழிக்கிறாள். கதிரை என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருப்பாள். காலணி எங்கே என்றது, அவளுக்குச் சப்பாத்துத்தான் தெரியும். பப்பாளி, ஆரஞ்சு, வேர்க்கடலை எல்லாம் இதே கதை, எங்கள் வீட்டில் அவை பப்பாசி, தோடம்பழம், கச்சான். தெரிந்த பொருளுக்கே "தவறு, மீண்டும் முயற்சி செய்" என்று மூன்று தரம் கேட்டதில் மகள் பேனையை எறிந்துவிட்டாள், நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன். கதிரையும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்தான், சுத்தத் தமிழ் இல்லை என்று யாராவது வருவீர்கள். நாலு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள்.

உச்சரிப்பிலும் இடிக்கும். வெற்றி, காற்று என்பவற்றில் ‘ற்ற’வை நாங்கள் சொல்வது ஒரு மாதிரி, பேனை நடுவில் ஒரு ‘ர’வையும் நுழைத்துச் சொல்வது இன்னொரு மாதிரி. முன்பள்ளி ரீச்சர் சொல்வதும் பேனை சொல்வதும் பொருந்தாமல் பிள்ளை என்னைப் பார்க்கிறாள். ஆனால் ‘ழ’ விஷயத்தில் பேனை எங்கள் எல்லோரையும் வென்றுவிட்டது. நாங்கள் வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ ஆக்கிச் சாப்பிடுகிற ஆட்கள், இப்போது மாமியார் அப்படிச் சொன்னால் மகள் திருத்துகிறாள். மாமியாருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. சுவர்ப் படத்தில் 247 எழுத்தும் இருக்கிறது, ண, ந, ன மூன்றையும் மாறி மாறித் தொட்டுக் கேட்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. வாங்கியதில் ஆக உதவியது அந்தப் படம்தான்.

அப்புறம் அந்த ஸ்டிக்கர்கள். பெட்டிக்கு வெளியே இவற்றைப் பற்றி ஒரு வரிகூடப் பெரிதாகப் போடவில்லை. ஒரு ஸ்டிக்கரைத் தொட்டு, பட்டனை அமத்திப் பேசினால் அது உங்கள் குரலைப் பதிந்துகொள்ளும், பிறகு தொடும்போதெல்லாம் அதையே சொல்லும். வீட்டுக் கதிரையில் ஒன்றை ஒட்டி மாமியாரைப் பேசச் சொன்னோம். "இது கதிரை குஞ்சு, ஏறி நிண்டு விழுந்திடாத" என்று பதிந்தா. அலுமாரி, சவர்க்காரப் பெட்டி, குசினிக் கதவு என்று வீடு முழுக்க ஒட்டியாகிவிட்டது. புத்தகத்தை விட இதைத்தான் மகள் தேடித் தேடித் தொடுகிறாள்.

குறைகள் இருக்கின்றன. சத்தத்தை ஆகக் குறைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், இயர்போன் குத்தும் துளை இல்லை. ஆங்கிலப் பாட்டுகள் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது, எனக்கு. மூன்றாம் மாதம் சார்ஜ் வயர் குத்தும் இடம் ஆடத் தொடங்கியது, ஆறு மாத வாரண்டி என்று சொல்லித் தந்த கடைக்காரர் "அது பிள்ளை இழுத்தது தம்பி, வாரண்டிக்குள்ள வராது" என்று முடித்துவிட்டார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போன் திருத்துகிற ஒரு பெடியன் 600 ரூபாவுக்கு ஈயம் பிடித்துத் தந்தான், இன்றுவரை பிழையில்லை.

எழுத்துப் பழக்க வாங்குவதென்றால் வேண்டாம், அதற்குக் கொப்பியும் பென்சிலும் போதும், விஜயதசமிக்கு அரிசியில் விரலால் எழுதியதுதான் இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டுப் பழக வாங்கலாம், ஆனால் கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பேனையைப் போட்டுத் தமிழ்ப் புத்தகத்தில் பத்துப் படமாவது தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். குரல் பதிகிற ஸ்டிக்கர் இல்லாத செட் என்றால் நான் அந்த விலை கொடுக்க மாட்டேன். எங்கள் 60இல் 41 முடிந்துவிட்டது. தனியாக விற்பீர்களா என்று கடையில் கேட்டேன், இல்லையாம், இன்னொரு செட் எடுங்கோ என்கிறார்.